பலகை ஒன்று சொல்ல, அரசிதழ் ஒன்று சொல்ல

டீயை ஆற்றிக் குடியுங்கள். நிதானமாகப் பேச வேண்டிய விஷயம் இது. கேள்வி என்னவோ சின்னதுதான்: உங்கள் வாசலில் போகிற சாலை எந்த நெடுஞ்சாலை?

தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் குடியிருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். கடைகளின் பெயர்ப் பலகைகளில் அது ஜி.எஸ்.டி. ரோடு. நெடுநாளாக லாரி ஓட்டுகிறவருக்கு என்.எச். 45. அரசின் இன்றைய பட்டியலில் தேசிய நெடுஞ்சாலை 32. மூன்றும் ஒரே தார்ச்சாலைதான். பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவருக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தச் சாலையோரம் மனை வாங்குகிறவர் இருக்கிறார். விபத்தில் சிக்கிய வண்டி எங்கே கிடக்கிறது என்று போனில் சொல்ல வேண்டியவர் இருக்கிறார். மழையில் விழுந்த பள்ளத்துக்கு எந்த அலுவலகத்தில் மனு கொடுப்பது என்று தெரியாமல் அலைகிறவர் இருக்கிறார். இவர்களுக்கெல்லாம் எந்தப் பெயர் உண்மை என்பது காசும் உயிரும் சம்பந்தப்பட்ட கேள்வி.

பலகையும் பதிவேடும் முரண்படும்போது எதை நம்புவது? "அரசாங்க ஏட்டில் இருப்பதுதான் சாலை" என்பார் ஒருவர். "ஏட்டைப் பார்த்தா வண்டி ஓட்டுகிறோம்? கண்ணுக்குத் தெரிகிற பலகைதான் சாலை" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் பாதி சரி. முதலில் நாம் எதற்காகக் கேட்கிறோம் என்று தெளிய வேண்டும். பிறகு ஒவ்வொரு சாட்சியும் எதைப் பற்றிப் பேசத் தகுதியுள்ளது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் செய்தால் முக்கால்வாசிச் சிக்கல் அவிழ்ந்துவிடும்.

சாலை நேராகப் போகும், எண் திரும்பும்

சிக்கலின் முதல் முடிச்சு 2010-ல் விழுந்தது. அந்த ஆண்டு மத்திய அரசு தேசிய நெடுஞ்சாலைகளின் எண்களை நாடு முழுக்க மாற்றியது. அதற்கு முன்பு 45 என்று ஒரு சாலை இருந்தால், கிளைகளுக்கு 45ஏ, 45பி, 45சி என்று எழுத்துகள் ஒட்டிக்கொண்டே போயின. எண்ணைப் பார்த்துச் சாலை நாட்டின் எந்த மூலையில் இருக்கிறது என்று ஊகிக்க வழியில்லை.

புதிய முறையில் ஓர் ஒழுங்கு உண்டு. வடக்கு தெற்காகப் போகிற சாலைகளுக்கு இரட்டைப்படை எண். கிழக்கிலிருந்து மேற்கே போகப் போக எண் கூடும். கிழக்கு மேற்காகப் போகிறவற்றுக்கு ஒற்றைப்படை. வடக்கிலிருந்து தெற்கே வர வர எண் கூடும். தமிழ்நாட்டிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். கடற்கரையை ஒட்டி 32, உள்ளே தள்ளி விழுப்புரம், திருச்சி, மதுரை வழியாக 38, அதற்கும் மேற்கே சேலம், திண்டுக்கல், கன்னியாகுமரி வழியாக 44. குறுக்குச் சாலைகளை மேலிருந்து கீழாக எண்ணுங்கள்: கிருஷ்ணகிரி - திண்டிவனம் 77, சேலம் - உளுந்தூர்பேட்டை 79, கோவை - கரூர் - திருச்சி - சிதம்பரம் 81, திண்டுக்கல், திருச்சி, தஞ்சாவூர் வழியாக நாகப்பட்டினம் போகிறது 83, கொச்சி - தொண்டி 85, ராமேஸ்வரம் போகிறது 87. மூன்று இலக்க எண் என்றால் கிளை. கடைசி இரண்டு இலக்கம் தாய்ச்சாலையைச் சொல்லும். சேலத்திலிருந்து கொச்சிக்குப் போகும் 544, 44-ன் கிளை.

இவ்வளவு ஒழுங்கான முறை ஏன் குழப்பத்தை உண்டாக்கியது? சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் கிளம்புங்கள், தெரிந்துவிடும். திண்டிவனம் வரை நீங்கள் 32-ல் போகிறீர்கள். அங்கே 32 இடது பக்கம் பிரிந்து புதுச்சேரிக்குப் போய்விடுகிறது. நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பவே இல்லை. ஆனால் சக்கரத்துக்குக் கீழே இருக்கிற சாலை இப்போது 132. விழுப்புரத்தில், வேலூரிலிருந்து திருவண்ணாமலை வழியாக வருகிற 38 வந்து சேர்கிறது; திருச்சி வரைக்கும் அதுதான். திருச்சியிலிருந்து திண்டுக்கல் போனால் 83. அதைத் தாண்டித் தேனிக்குப் போனால் 183. ஒரு காலத்தில் என்.எச். 45 என்ற ஒரே பெயரில் இருந்த பாதை இன்று ஐந்து எண்களில் கிடக்கிறது.

இங்கேதான் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். சாலை வேறு, எண் வேறு. மாநகரப் பேருந்தின் தடம் எண் பல தெருக்களின் மேல் ஓடுவது போல, நெடுஞ்சாலை எண்ணும் பல சாலைத் துண்டுகளைக் கோத்துக்கொண்டு போகிற பாதையின் பெயர். தடத்தை மாற்றினால் தெரு நகர்ந்துவிடாது. ஆனால் தெருவில் நிற்கிற பழைய பலகை, மாறிப்போன தடத்தையே காட்டிக்கொண்டு நிற்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு, அது பலருக்குத் தெரிவதில்லை. பழைய எண்கள் ஓய்வு பெறவில்லை. வேறு ஊர்களுக்கு மாற்றலாகிப் போயின. சென்னை - பெங்களூரு சாலைக்குப் பழக்கமான 4 என்ற எண் இன்று அந்தமானில், போர்ட் பிளேயரிலிருந்து வடக்கே போகிற சாலைக்கு உரியது. 45 இன்று மத்தியப் பிரதேசத்தில் ஜபல்பூர் வழியாகச் சத்தீஸ்கருக்குப் போகிறது. காசியிலிருந்து கன்னியாகுமரி வரை வந்த பழைய 7, இப்போது பஞ்சாபிலிருந்து உத்தராகண்ட் மலைக்கு ஏறுகிற சாலை. 2005-ல் எழுதிய ஒரு கிரயப் பத்திரத்தின் நான்கெல்லையில் 'என்.எச். 45-க்குக் கிழக்கு' என்று இருந்தால், அதை இன்றைய பட்டியலை வைத்துப் படித்தால் மனை மத்தியப் பிரதேசத்துக்குப் போய்விடும்.

ஆகவே முதல் விதி: நெடுஞ்சாலை எண்ணைத் தேதியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். தேதி இல்லாத எண் பாதித் தகவல்தான்.

அரசிதழில் உண்மையில் என்ன எழுதியிருக்கும்?

ஒரு சாலையைத் தேசிய நெடுஞ்சாலை ஆக்குவது பலகையோ மஞ்சள் தலை வைத்த கிலோமீட்டர் கல்லோ கிடையாது. 1956-ம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் அந்த அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. சட்டத்தின் கடைசியில் ஓர் அட்டவணை உண்டு. அதில் இருப்பவை தேசிய நெடுஞ்சாலைகள். பிரிவு 2(2)-ன்படி அரசிதழில் அறிவிக்கை வெளியிட்டுப் புதிதாகச் சேர்க்கலாம். பிரிவு 2(3)-ன்படி அதே போல அறிவிக்கை வெளியிட்டு நீக்கலாம். அமைச்சர் மேடையில் அறிவித்தாலோ, 'கொள்கையளவில்' ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்தாலோ அது தேசிய நெடுஞ்சாலை ஆகிவிடாது. பலகையைக் கழற்றி எடுத்துவிட்டாலும் அந்தத் தகுதி போய்விடாது. சேர்ப்பதும் நீக்குவதும் அரசிதழ் வழியாக மட்டும்தான்.

இவ்வளவு கேட்டதும், அரசிதழை எடுத்துப் பார்த்தால் கதை முடிந்தது என்று தோன்றும். முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

அந்த அட்டவணை முதலில் எப்படி எழுதப்பட்டது தெரியுமா? 45-ம் எண்ணுக்கு எதிரே இருந்த விவரம், மதராஸ், திருச்சிராப்பள்ளி, திண்டுக்கல் ஆகிய ஊர்களை இணைக்கும் நெடுஞ்சாலை என்பதுதான். மூன்று ஊர்ப் பெயர்கள், அவ்வளவே. எந்தத் தெரு, எந்தப் பாலம், ஆற்றின் எந்தக் கரை, ஒன்றும் கிடையாது. இன்றைய அறிவிக்கைகள் கொஞ்சம் விரிவானவை: இன்ன ஊர் அருகே இன்ன நெடுஞ்சாலைச் சந்திப்பில் தொடங்கி, இன்னின்ன ஊர்களை இணைத்து, இன்ன சந்திப்பில் முடிவது. வரிசையாகப் பெயர்கள் நிறைய வரும். ஆனாலும் அடிப்படை அதேதான், ஊர்ப் பெயர்களின் சரம்.

சரத்தில் இரண்டு மணிகளுக்கு நடுவே நூல் எப்படி வளைகிறது என்பதை அந்த வாசகம் சொல்வதில்லை. சட்டப்படி உயர்ந்த ஆவணம் அதுதான். ஆனால் நிலத்தின் மேல் அது காட்டுவது தடிமனான கோடு. தகராறு வருவதோ முழக்கணக்கில். அரசிதழைக் கொண்டுவந்து போட்டுவிட்டால் வாதம் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

இதோடு இன்னொரு அரசிதழும் இருக்கிறது. ஒரு சாலை தேசிய நெடுஞ்சாலை என்பது ஓர் அறிவிக்கை. அதை யார் கையில் கொடுத்தார்கள் என்பது வேறோர் அறிவிக்கை. 1988-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்திடம் ஒப்படைக்க வேண்டுமானால், அந்தச் சட்டத்தின் 11-ம் பிரிவின் கீழ் தனி அறிவிக்கை வேண்டும். ஆணையத்திடம் போகாத துண்டுகள் பலவற்றை மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவு பார்க்கிறது. ஆக ஒரே எண்ணுள்ள சாலையில், இந்தக் கல் வரைக்கும் ஓர் அலுவலகம், அடுத்த கல்லிலிருந்து வேறோர் அலுவலகம். பள்ளத்தில் விழுந்தவர் மனுவை எடுத்துக்கொண்டு அலைவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். "அது எங்களுடையது இல்லை" என்று அதிகாரி சொல்வது பல நேரம் உண்மையாகவே இருக்கும். யாருடையது என்று சேர்த்துச் சொல்லாததுதான் குறை.

பைபாஸ் வந்த பிறகு

நம் ஊர்களில் அதிகம் நடக்கிற முரண்பாடு புறவழிச்சாலையால் வருவது. நேற்று வரை நெடுஞ்சாலை ஊருக்கு நடுவே, தேரடி, மார்க்கெட், பேருந்து நிலையம் எல்லாம் தொட்டுக்கொண்டு போனது. ஊருக்கு வெளியே பைபாஸ் போட்டார்கள். திறந்த அன்றே பச்சைப் பலகைகள் பைபாஸுக்கு வந்துவிடும், எண்ணும் அங்கே ஏறிவிடும். ஊருக்குள் கிடக்கிற பழைய துண்டு என்ன ஆகிறது?

அதை ஒருமுறை செப்பனிட்டு மாநில அரசிடம் ஒப்படைத்து, தேசிய நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து நீக்குவது வழக்கமான நடைமுறை. ஆனால் பலகை மாறுகிற நாளும் நீக்குகிற அறிவிக்கை வருகிற நாளும் ஒன்றாக அமைவது அபூர்வம். இடைப்பட்ட காலத்தில் ஊருக்குள் இருக்கிற சாலை பலகைப்படி ஊர்ச்சாலை, சட்டப்படி தேசிய நெடுஞ்சாலை. தெருவிளக்கு எரியவில்லை என்றால் நகராட்சி கையை விரிக்கும். கால்வாய் அடைத்துக்கொண்டால் நெடுஞ்சாலைத் துறை கையை விரிக்கும். கடை நடத்துகிறவர் முன்பக்கத்தை நீட்டிக் கட்டலாமா என்று கேட்டால் யாராலும் தெளிவாகப் பதில் சொல்ல முடியாது.

அரசிதழ் வாசகத்தைப் பாருங்கள். அது இந்த ஊரை 'இணைக்கும்' என்று மட்டுமே சொல்கிறது. பழைய சாலையும் ஊரை இணைக்கிறது, பைபாஸும் ஊரை இணைக்கிறது. வாசகம் இரண்டுக்கும் பொருந்துகிறது. அப்போது ஊர்ப் பெயரை விட்டுவிட்டு, கிலோமீட்டர் கணக்கும் நில எடுப்பும் என்ன சொல்கின்றன என்று தேடிப் போக வேண்டும். கிலோமீட்டரிலும் ஒரு கவனம் தேவை. வளைவுகளை நிமிர்த்தி, பைபாஸ் போட்டதும் சாலையின் நீளமே மாறிவிடுகிறது. அதனால் திட்ட ஆவணங்களில் இரண்டு செயினேஜ், அதாவது சாலை நெடுக அளந்த தூரக் கணக்கு இருக்கும்: இருந்த சாலையின்படி ஒன்று, புதிய வடிவமைப்பின்படி ஒன்று. பழைய கல்லின் எண்ணைப் புதிய கணக்கில் வைத்துத் தேடினால் வேறோர் இடத்தில் போய் நிற்போம்.

மண்ணில் இல்லாத சாலை

இதுவரை சொன்னது, சாலை கண்முன்னே இருக்க, பெயரில் மட்டும் சண்டை. ஏட்டில் இருந்தும் மண்ணில் இல்லாத சாலைக்கும் நம் நாட்டில் உதாரணம் உண்டு.

1956 அட்டவணையில் 49-ம் எண், மதுரையையும் தனுஷ்கோடியையும் இணைக்கும் நெடுஞ்சாலை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பட்டியலில் ஊர்ப் பெயர் அழியவில்லை. பின்னாளில் மறுமுனை கொச்சி வரை நீண்டபோதும் இந்த முனை தனுஷ்கோடிதான். நிலத்திலோ முகுந்தராயர் சத்திரத்தோடு தார் முடிந்துவிடும். அதற்கு மேல் மணலிலும் கடல் நீரிலும் வேன்கள் தத்தளித்துப் போகும். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் சாலை முறையாகத் திறக்கப்பட்டது 2017 ஜூலையில்தான். அதற்குள் அதன் எண் 87 ஆகியிருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஏடு ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம். அந்தக் காலத்தில் 'தனுஷ்கோடி வரை நெடுஞ்சாலை இருக்கிறதா' என்று கேட்டிருந்தால், நில உரிமைக்காகக் கேட்டவருக்கு ஒரு பதிலும், வண்டி ஓட்டப் போகிறவருக்கு வேறொரு பதிலும் சொல்லியிருக்க வேண்டும். இரண்டுமே உண்மை.

போடாத சாலையைத் தேசிய நெடுஞ்சாலை என்று அறிவிக்க முடியுமா? இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. சென்னை - சேலம் எட்டுவழிச் சாலை வழக்கு நினைவிருக்கும். தாம்பரம் அருகிலிருந்து காஞ்சிபுரம், திருவண்ணாமலை மாவட்டங்கள் வழியாக அரூர் பக்கம் போகிற தடத்துக்கு 179பி என்று எண் கொடுத்தார்கள். விவசாயிகளின் தரப்பு கேட்டது: சட்டம் 'நெடுஞ்சாலை'யை அறிவிக்கச் சொல்கிறது, இங்கே இருப்பதோ வயலும் தோப்பும் கிணறும்தானே? 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, இன்னும் போடாத சாலையையும் தேசிய நெடுஞ்சாலையாக அறிவிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், நில எடுப்பு முறைப்படி முடியும் முன்பே வருவாய்க் கணக்கில் மாற்றிய பெயர்களைத் திரும்ப உரியவர்கள் பெயருக்கே மாற்றச் சொன்ன உத்தரவை அப்படியே நிலைக்கவிட்டது.

இந்த இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். அரசிதழில் ஒரு நெடுஞ்சாலை பிறந்துவிடலாம். அதனால் மட்டும் அடியில் இருக்கிற வயல் அரசின் கைக்குப் போய்விடாது. சாலையின் பெயருக்கு ஒரு பதிவேடு, சாலையின் மண்ணுக்கு வேறொரு பதிவேடு. ஒன்றில் எழுதியதை வைத்து மற்றதை முடிவு செய்யக்கூடாது.

ஒரு தீர்ப்பும் பல பெயர்மாற்றங்களும்

சாலைக்கு என்ன பெயர் என்பது எவ்வளவு பெரிய விஷயமாகும் என்று 2017-ல் நாடே பார்த்தது. 2016 டிசம்பர் 15 அன்று, தமிழ்நாட்டிலிருந்து கே. பாலு தொடுத்த வழக்கில், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் வெளி விளிம்பிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது உச்ச நீதிமன்றம். குடித்துவிட்டு ஓட்டி நடக்கிற விபத்துகளைக் குறைக்கத்தான் இந்த உத்தரவு. 20,000 பேர் வரை மட்டுமே வசிக்கிற ஊர்களுக்குப் பிறகு இதை 220 மீட்டர் ஆக்கினார்கள்.

உடனே என்ன நடந்தது? பல மாநிலங்கள் கடைகளை நகர்த்துவதற்குப் பதிலாகச் சாலைகளின் பெயரை மாற்றப் பார்த்தன. நேற்று வரை மாநில நெடுஞ்சாலை, இன்று மாவட்டச் சாலை அல்லது நகராட்சிச் சாலை. ஒரு ஜல்லிகூட அசையவில்லை. அதே வேகத்தில் அதே லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

கேரளத்தில் நடந்தது இன்னும் கூர்மையானது. கண்ணூர் - குற்றிப்புரம், சேர்த்தலை - திருவனந்தபுரம் பகுதிகள் நெடுஞ்சாலை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், பலகையும் அப்படித்தான் சொன்னது. மதுக்கடை நடத்துகிறவர்கள் 2014-ம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட ஓர் அறிவிக்கையை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போனார்கள்; இதன்படி இந்தத் துண்டுகள் தேசிய நெடுஞ்சாலையே இல்லை என்றார்கள். முதலில் அவர்களுக்குச் சாதகமாக உத்தரவு வந்தது. இவை என்.எச். 66-ன் பகுதிகள்தான் என்று தெளிவானதும் கேரள உயர் நீதிமன்றம் மறுபரிசீலனை செய்து அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது.

இதில் நமக்குப் பாடம் உண்டு. ஒரே ஓர் அறிவிக்கையைத் தனியாக எடுத்துப் படித்து முடிவுக்கு வரக்கூடாது. எண் மாற்றம், பழைய பதிவை நீக்குதல், புதிய பதிவைச் சேர்த்தல் எல்லாம் தனித்தனிக் காகிதங்களில் வரும். அவற்றைக் கோத்துப் படிக்கும்போதுதான் இன்றைய நிலை தெரியும். நடுவில் ஒரு காகிதத்தை மட்டும் உருவிக் காட்டினால், இருக்கிற நெடுஞ்சாலையையே இல்லை என்று ஆக்கிவிட முடியும். பலகை அற்பமான சாட்சி என்று ஒதுக்குகிறவர்களும் இதை யோசிக்க வேண்டும். அங்கே பலகையும் மக்கள் வழக்கும் சொன்னதே கடைசியில் சரியாக இருந்தது.

இது நம் நாட்டுக் குளறுபடி மட்டும்தானோ என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சாக்ரமென்டோ நகருக்குள் ஒரு பெருஞ்சாலை. வழிகாட்டிப் பலகையில் அது 'பிசினஸ் 80'. மாநிலச் சட்டத்தில் அதன் எண் 51. அந்த எண்ணைத் தாங்கிய வழிப்பலகை சாலையில் கிடையாது. அதன் மேற்கே தொடர்கிற துண்டு பலகைப்படி யு.எஸ். 50, மத்திய அரசின் கணக்கில் இன்டர்ஸ்டேட் 305. அதற்கும் பலகை இல்லை. அங்கே யாரும் இதைத் தவறு என்று திருத்தவில்லை. ஓட்டுநருக்கு ஒரு பெயர், கணக்குப் பிள்ளைக்கு ஒரு பெயர் என்று தெரிந்தே வைத்திருக்கிறார்கள். முரண்பாடு என்றாலே ஒரு பக்கம் பொய் என்று நாம் அவசரப்படக்கூடாது.

சரி, எப்படித்தான் தீர்ப்பது?

சாட்சிகளை ஒவ்வொருவராகக் கூப்பிடுவோம்.

முதலில் அரசிதழ். தேசிய நெடுஞ்சாலையா, எந்த எண், எந்த நாளிலிருந்து என்ற கேள்விக்கு இதுதான் கடைசி வார்த்தை. இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. கிடைத்த முதல் அறிவிக்கையோடு நிறுத்திவிடாமல், பின்னால் வந்த திருத்தங்களையும் தேடுங்கள்.

இரண்டாவது, ஒப்படைப்பு ஆவணம். யார் பராமரிக்க வேண்டும், யார் மீது பொறுப்பு என்பதற்கு இதுதான் பேசும். இதில் எந்தக் கிலோமீட்டரிலிருந்து எந்தக் கிலோமீட்டர் வரை என்று இருக்கும்.

மூன்றாவது, நில எடுப்பு ஆவணம். 1956-ம் ஆண்டுச் சட்டத்தின் 3ஏ பிரிவின் கீழ் முதல் அறிவிக்கை. 21 நாளுக்குள் ஆட்சேபணை சொல்லலாம். பிறகு 3டி பிரிவின் கீழ் வருகிற பிரகடனம்; அது வெளியானதும் நிலம் மத்திய அரசைச் சேர்ந்துவிடும். இவற்றில் கிராமம், சர்வே எண், உட்பிரிவு, பரப்பளவு வரை இருக்கும். 3ஏ அறிவிக்கையில் நிலத்தின் சுருக்கமான விவரம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று 2005-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமே வலியுறுத்தியது. ஊர்ப் பெயர்களாக மிதக்கிற நெடுஞ்சாலை மண்ணில் கால் ஊன்றுவது இந்தக் காகிதத்தில்தான். பைபாஸா, பழைய சாலையா என்ற தகராறை இது ஒரு நிமிடத்தில் தீர்த்துவிடும்.

ஆனால் பழைய சாலைகளுக்கு இந்த ஆவணம் இருக்காது. நில எடுப்புப் பிரிவுகள் 1997 திருத்தத்தில்தான் அந்தச் சட்டத்துக்குள் வந்தன. அதற்கு முன்பே போட்ட சாலைகளுக்கு நான்காவது சாட்சி வேண்டும்: கிராமக் கணக்கு. அ-பதிவேட்டில் அந்தச் சர்வே எண் சாலைப் புறம்போக்கு என்று இருக்கிறதா, புலப்படத்தில் சாலையின் அகலம் என்ன என்று பாருங்கள். வேலி எங்கே வரலாம், சாலை எல்லை எது என்று கேட்கிறவருக்கு அரசிதழைவிட இது பயன்படும். கிராமக் கணக்குக்கு நெடுஞ்சாலை எண் தெரியாது. அதற்குத் தெரிந்தது நிலம்.

ஐந்தாவது, சாலையில் நிற்கிற கல்லும் பலகையும். கல்லின் தலையில் மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. சட்டத் தகராறில் இது துணைச் சாட்சிதான். ஆனால் அவசரத்தில் இதுதான் முதல் சாட்சி. நெடுஞ்சாலை உதவிக்கு 1033-ஐக் கூப்பிடும்போதும், 108-ஐக் கூப்பிடும்போதும் எதிரே தெரிகிற கல்லில் உள்ள எண்ணையும் ஊரையும் அப்படியே படித்துச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அரசிதழ்படி சரியான எண் எது என்ற ஆராய்ச்சி வேண்டாம். வருகிறவரும் அதே கல்லைத்தான் தேடிக்கொண்டு வருவார்.

கைப்பேசி வரைபடம் கடைசி. வழி தேட உதவும். உரிமை, பொறுப்பு எதற்கும் அது சாட்சி ஆகாது.

இத்தனை காகிதத்தை யார் தேடுவது என்று மலைக்க வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். ஆனால் கேள்வியைச் சரியாகக் கேளுங்கள். "இது தேசிய நெடுஞ்சாலையா?" என்று கேட்டால் ஒரு வரியில் பதில் வந்து நிற்கும். இப்படிக் கேளுங்கள்: இன்ன கிராமம், இன்ன சர்வே எண்ணை ஒட்டிப் போகும் சாலை எந்த அறிவிக்கையின்படி, எந்தத் தேதியிலிருந்து எந்த வகைச் சாலை; எந்தக் கிலோமீட்டர் முதல் எது வரை எந்த அலுவலகத்தின் பராமரிப்பில் உள்ளது; அதற்கான ஆணையின் நகல் வேண்டும். உங்கள் கடிதத்திலேயே சாட்சிகள் எல்லோரையும் வரிசையாக நிறுத்திவிட்டீர்கள். தட்டிக்கழிக்க இடம் இருக்காது.

குடிமக்கள் இவ்வளவு சிரமப்பட வேண்டியிருப்பதே சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம். நெடுஞ்சாலை அறிவிக்கை ஒவ்வொன்றோடும் வரைபடமும் கிலோமீட்டர் கணக்கும் சேர்ந்தே வெளிவர வேண்டும். ஊர்ப் பெயர்ச் சரம் மட்டும் போதாது. எண் மாறினால், சில ஆண்டுகளுக்காவது பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே பலகையில் நிற்க வேண்டும். பைபாஸைத் திறக்கிற நாளிலேயே பழைய சாலை யாருடையது என்று எழுதி அந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் ஒட்ட வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை, புதுச் சட்டமும் வேண்டாம். சாலை போடுவதற்குக் காட்டுகிற அக்கறையில் நூற்றில் ஒரு பங்கை அதன் பெயரை ஒழுங்காக எழுதி வைப்பதிலும் காட்டினால் போதும். அது நடக்கும் வரை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்: எந்த எண், எந்தத் தேதியில், எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல் வரை, யார் பொறுப்பு?